விதைக்கிழங்கை வெட்டுவதற்கு முன்னால்: புதிதாக உருளை நடுகிறவர்களுக்கு

முதன்முதலாக உருளைக்கிழங்கு நட்ட வருடம், 15 கிலோ விதைக்கிழங்கை ஒரே சாயங்காலத்தில் வெட்டி முடித்தேன். சமையலுக்கு நறுக்குகிற வேகம்தான். வெட்டியதைச் சாக்கில் கட்டி மூலையில் சாய்த்துவிட்டு, மறுநாள் காலையில் நட்டேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு சென்ட் இடம். அன்றிரவே மழை பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் பாதிக் குழியில்தான் செடி. மீதி இடத்தைத் தோண்டினால் கொழகொழவென்று ஒரே நாற்றம். பக்கத்துத் தோட்டத்து அக்கா வந்து ஒரு துண்டைக் குச்சியால் புரட்டிப் பார்த்தார். "வெட்டுன புண்ணு ஆறவே விடலையா தம்பி?" என்று கேட்டார்.

இல்லை, விடவில்லை. விடவேண்டும் என்றே தெரியாது. கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

முதலில், வெட்டத்தான் வேண்டுமா?

வேண்டாம் என்றால் மிக நல்லது. கோழிமுட்டை அளவு, அதாவது 40 முதல் 60 கிராம் எடையுள்ள முழுக்கிழங்கு கிடைத்தால் அதை அப்படியே நடுங்கள். தோல் முழுசாக இருக்கும், அழுகல் சீக்கிரம் உள்ளே போகாது, கத்தி வழியாக நோய் பரவவும் வழியில்லை. விதைக்காகவே விளைவிக்கிறவர்கள் கிழங்கு பெரிதாவதற்குள் கொடியை அறுத்துவிடுவது, இந்த அளவில் கிடைக்க வேண்டும் என்பதற்காகவும்தான்.

அப்புறம் ஏன் வெட்டுகிறோம்? காசுதான். உருளை சாகுபடியில் பெரிய செலவே விதை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். பாருக்குப் பார், அதாவது வரிசைக்கு வரிசை, 60 செ.மீ., செடிக்குச் செடி 20 செ.மீ. விட்டால் ஏறக்குறைய 335 குழி வரும். குழிக்கு 40 கிராம் என்றால் பதின்மூன்றரைக் கிலோ, 50 கிராம் என்றால் 17 கிலோ. கிடைத்ததெல்லாம் 150 கிராம் கிழங்காக இருந்து, அவற்றை முழுசாகவே நட்டால் 50 கிலோ தேவைப்படும். அப்போது கத்தியை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆனால் எல்லா ஊரிலும், எல்லாப் பருவத்திலும் வெட்டலாம் என்று நினைத்துவிடாதீர்கள். சூடான, ஈரமான மண் வெட்டிய துண்டுக்கு எமன். நீலகிரியில் மார்ச்-ஏப்ரல், ஆகஸ்டு-செப்டம்பர், ஜனவரி-பிப்ரவரி என மூன்று நடவு உண்டு. இதில் ஜனவரியில் தொடங்கும் நீர்போகத்தில் மண் குளிர்ந்திருக்கும், தண்ணீர் விடுவதும் நம் கையில். புதியவர்கள் வெட்டுத்துண்டை நட்டுப் பழக அதுதான் தோதான காலம். மழையை நம்பிய போகத்தில் வெட்டி நடுவது, என்னைக் கேட்டால், பாதி சூதாட்டம். ஓசூர், தாளவாடி போன்ற மேட்டுநிலங்களிலும் மற்ற சமவெளியிலும் நடுவதானால் அக்டோபர்-நவம்பரில் குளிர் தொடங்கிய பிறகு நடுங்கள். அங்கே முடிந்தவரை சிறிய முழுக்கிழங்கையே தேடுங்கள். கர்நாடகத்தின் ஹாசன் பகுதியில் மே மாதம் பஞ்சாப் விதையை வாங்கி, வெட்டி, மழைப்பயிராக நடுகிறார்கள். அங்கே தீராத தலைவலிகளில் ஒன்று, மண்ணுக்குள்ளேயே துண்டு அழுகி வயல் சொட்டை விழுவது.

சென்னை மொட்டைமாடிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இரவு வெப்பம் 20 டிகிரிக்கு மேலேயே நின்றால், செடி தளதளவென்று வளரும், கீழே கிழங்கு மட்டும் சரியாக வைக்காது. நவம்பர் கடைசியில் நட்டு, சின்னச் சின்னதாக ஒரு கூடை கிடைத்தாலே சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள்.

எந்தக் கிழங்கு

காய்கறிக் கடையில் வாங்கிய கிழங்கை நடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். முளைத்தால் செடி வரும், அவ்வளவுதான் சொல்ல முடியும். சாப்பாட்டுக் கிழங்கைக் குளிர்பதனக் கிடங்கில் வைக்கும்போது முளைக்காமல் இருக்க மருந்துப்புகை போடும் வழக்கம் உண்டு. அப்படிப்பட்ட கிழங்கை மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தாலும் முளை நொண்டும். அதைவிட, அதற்குள் என்ன வைரஸ் இருக்கிறது என்பது வெளியே தெரியாது. தொட்டியில் விளையாட்டாகப் பார்க்க அது போதும், நிலத்துக்கு வேண்டாம்.

நீலகிரியில் முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இருக்கிறது. அங்கோ தோட்டக்கலைத் துறையிலோ விசாரித்தால் எந்த ரகம், எப்போது கிடைக்கும் என்று சொல்வார்கள். குஃப்ரி ஜோதி ரகத்தை எல்லாருக்கும் தெரியும். இந்த மலைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: வேரைத் தாக்கும் நுண்ணிய புழுவான முட்டைக்கூடு நூற்புழு. 1961-இல் ஊட்டியை அடுத்த விஜயநகரம் பண்ணையில்தான் இந்தியாவில் முதன்முதலாக அதைக் கண்டுபிடித்தார்கள். கிழங்கில் ஒட்டிய மண்ணோடு அதன் முட்டைக்கூடு ஊர்விட்டு ஊர் போய்விடும். அதனால்தான் நீலகிரிக் கிழங்கை விதைக்காக வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. ஊட்டிக்குச் சுற்றுலா வந்தவர்கள் "விதைக்கு நாலு கிலோ" என்று எடுத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். மலையிலேயே நடுகிறவர்கள் இந்தப் புழுவைத் தாங்கும் குஃப்ரி சுவர்ணா போன்ற ரகங்களைக் கேட்டு வாங்கலாம்.

கண் பார்க்கப் பழகுங்கள்

உருளைக்கிழங்கு வேர் அல்ல, மண்ணுக்குள் பருத்த தண்டு. செடியின் தண்டில் இலைக்கணுக்கள் சுற்றிச்சுற்றி ஏறுவதுபோலவே கிழங்கிலும் கண்கள் சுருளாக ஏறுகின்றன. ஒரு கிழங்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ஒரு முனையில் காம்பு அறுந்த சின்னத் தழும்பு இருக்கும், அது அடிப்பக்கம். எதிர்முனையில் கண்கள் நெருக்கமாகக் கூடியிருக்கும், அது தலைப்பக்கம். முதலில் முளைப்பது தலைப்பக்கம்தான், அந்த முளை இருக்கும்வரை அடிப்பக்கத்துக் கண்களை எழவிடாமல் அமுக்கி வைத்திருக்கும். வெட்டியதும் அந்த அதிகாரம் போய்விடுகிறது, ஒவ்வொரு துண்டிலும் தூங்கிய கண் விழிக்கிறது.

அறுவடையான உடனே எந்தக் கிழங்கும் முளைக்காது. ரகத்தைப் பொறுத்து இரண்டு மாதமோ அதற்கு மேலோ உறங்கும். உறக்கம் தெளியாத கிழங்கை வெட்டி நட்டால், முளை வருவதற்குள் அழுகல் வந்துவிடும். ஆகவே நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கிழங்குகளை முட்டை அட்டையில் தலைப்பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி, வெளிச்சம் படும், ஆனால் நேர்வெயில் விழாத இடத்தில் வையுங்கள். திண்ணையோ ஜன்னலோரமோ போதும். தோல் பச்சையாக மாறும், முளை குட்டையாக, தடிமனாக வரும். அதுதான் வேண்டியது. இருட்டில் வைத்தால் வெள்ளையாக நீண்டு, தொட்டால் முறியும் முளைதான் கிடைக்கும்.

முளை அரை செ.மீ. அளவு எட்டிப் பார்க்கும்போது வெட்டுவது என் வழக்கம். எந்தக் கண் உயிரோடு இருக்கிறது என்று ஊகிக்க வேண்டாம், கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஒரு முளைகூட விடாத கிழங்கையும், நூல்போல் மெலிந்த முளை விட்டதையும் தள்ளிவிடுங்கள். மெல்லிய முளை பெரும்பாலும் நோயின் அடையாளம்.

வெட்டும் நாள்

குளிர்பதனக் கிடங்கிலிருந்து வந்த விதை என்றால் சில நாள் வெளியே வைத்து, குளிர் முழுக்கத் தணிந்த பிறகு வெட்டுங்கள். சில்லென்ற கிழங்கு கத்தி பட்டதும் வெடிக்கும், புண்ணும் மெதுவாகத்தான் ஆறும். மண் ஒட்டியிருந்தால் கையால் உதிர்த்துவிடுங்கள். கழுவ வேண்டாம்.

கத்தி கூர்மையாக, பல் இல்லாததாக இருக்கட்டும். பல்லுள்ள கத்தி சதையைக் கிழிக்கும், கிழிந்த புண் ஆற நாளாகும். ஒரு கத்தி போதாது, மூன்று வேண்டும். அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கட்டும். ஒரு கத்தியில் ஒரு கிழங்கை வெட்டி முடித்ததும் அதைக் கொதிநீரில் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். அல்லது மருந்துக்கடை ஸ்பிரிட்டில் துணியை நனைத்து ஒவ்வொரு கிழங்குக்கும் பிறகு துடைக்கலாம். இது வேண்டாத ஆசாரம் என்று நினைக்காதீர்கள். பாக்டீரியா வாடல் நோய் உள்ள ஒரே ஒரு கிழங்கை வெட்டிய கத்தி, அடுத்து வெட்டும் கிழங்குகளுக்கும் அதைத் தடவிக்கொண்டே போகும். சில வைரஸ்களும் அப்படித்தான்.

இனி வெட்டு. 60, 70 கிராம்வரை உள்ளதைத் தொட வேண்டாம், முழுசாக நடுங்கள். 80 முதல் 120 கிராம்வரை உள்ளதைத் தலையிலிருந்து அடிவரை நெடுக்காக இரண்டாகப் பிளக்க வேண்டும். இப்படி வெட்டினால் தலைப்பக்கத்துக் கண்கள் இரண்டு துண்டுக்கும் பங்காகும். குறுக்கே வெட்டினால் ஒரு துண்டுக்கு எல்லாம் கிடைக்கும், மற்றதற்கு ஒன்றிரண்டு சோம்பேறிக் கண்தான். 150 கிராம் தாண்டினால் முதலில் அடிப்பக்கத்தில் ஒரு துண்டைக் குறுக்கே எடுத்துவிட்டு, மீதியை நெடுக்காகப் பிளக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது இரண்டு கண் இருக்க வேண்டும், எடை 40 கிராமுக்குக் கீழே போகக் கூடாது. முதல் பத்துத் துண்டைத் தராசில் வைத்துப் பாருங்கள், அதன்பின் கையே சொல்லிவிடும்.

கண் இருக்கிறதே, சிறிதாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். முளை மண்ணுக்கு மேலே வந்து இலை விரிக்கும்வரை அந்தத் துண்டில் இருக்கும் மாவும் நீரும்தான் அதற்குச் சாப்பாடு. வீட்டில் சீவிய தோலில் கண் இருந்தால்கூட முளைக்கும்தான், ஆனால் சவலைப்பிள்ளையாக வரும். அதே காரணத்துக்காகத் துண்டு கட்டைபோல் திரட்சியாக இருக்க வேண்டும். வறுவலுக்குச் சீவுவதுபோல் தட்டையாக வெட்டினால் புண் பெரிதாகும், சதை குறையும், நாலு நாளில் சுருங்கிவிடும்.

வெட்டும்போது உள்ளே பார்க்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். தோலுக்குச் சற்று உள்ளே ஒரு மெல்லிய வளையம் தெரியும். அது பழுப்பாக இருந்து, அமுக்கினால் பால்போலக் கசிந்தால், வாடல் நோய். கண்ணில் மண் ஒட்டிப் பிசுபிசுத்திருப்பதும் அதற்கு அறிகுறி. தோலையொட்டித் துரு நிறத்தில் சதை மாறியிருந்தால் பின்பருவக் கருகல் என்று சந்தேகப்படுங்கள். அந்த நோய் விதைக்கிழங்கில் தங்கியும் அடுத்த போகத்துக்குப் போகிறது. இப்படிக் கண்டால் மிச்சத்தை வெட்டிக் காப்பாற்றலாம் என்று பார்க்காதீர்கள். கிழங்கை முழுசாகத் தூக்கிப்போட்டு, கத்தியையும் பலகையையும் கையையும் சுத்தம் செய்யுங்கள். குப்பைக்குழியில் போட வேண்டாம், அங்கிருந்து மறுபடி தோட்டத்துக்கே வரும்.

ஆறவிடுதல்

இதுதான் நான் விட்டுவிட்ட வேலை.

வெட்டிய கிழங்கு உயிருள்ள பொருள், நம் முழங்கால் சிராய்ப்புபோலத் தன் புண்ணைத் தானே மூடிக்கொள்ளும். முதல் இரண்டு மூன்று நாளில் வெட்டுப்பரப்பின் செல்சுவர்களில் தக்கைபோன்ற ஒரு பொருள் படியும். அப்புறம் அதற்கடியில் புதிய தோல் அடுக்கடுக்காக உருவாகும். சரியான சூழல் இருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் அது ஓரளவு கெட்டியாகிவிடும். இதற்கு மூன்று வேண்டும்: மிதமான குளிர், ஈரக்காற்று, காற்றோட்டம். வெப்பம் 12 முதல் 18 டிகிரி என்றால் அருமை. நீலகிரியில் அது வீட்டு அறையிலேயே இருக்கிறது. 30 டிகிரியில் புண்ணும் வேகமாக மூடப் பார்க்கும், ஆனால் அழுகல் பாக்டீரியா அதைவிட வேகம்.

என் சாக்கு மூட்டையில் நடந்தது என்னவென்று பிறகு புரிந்தது. வெட்டிய துண்டு நிறைய மூச்சு விடும். மூட்டைக்குள் சூடு ஏறும், காற்றுத் தீரும், துண்டுகளின்மேல் நீர் பூக்கும். மென்னழுகல் பாக்டீரியாவுக்கு இதைவிடச் சொகுசான இடம் கிடையாது. அதையே ஈரமண்ணில் நட்டு, மேலே மழையும் பெய்தால் கேட்கவே வேண்டாம்.

இப்போது நான் செய்வது இது. வெயில் படாத அறையில் காய்ந்த சாக்கை விரித்து, துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், வெட்டுப்பக்கம் மேலே இருக்கும்படி பரப்புகிறேன். ஜன்னலைச் சற்றே திறந்து வைப்பேன். காற்று வறண்டிருந்தால் அறையின் ஓரத்தில் ஒரு ஈரச்சாக்கைத் தொங்கவிடுவேன், துண்டுகள்மேல் போர்த்த மாட்டேன். அவ்வளவுதான். குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம்.

வெட்டிய அன்றே பரப்பு இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறினால் பயப்பட வேண்டாம், சமையலறையில் நறுக்கி வைத்தாலும் அப்படித்தான் ஆகும். மூன்றாம் நாள் தொட்டுப் பாருங்கள். ஈரம் இல்லாமல், சொரசொரப்பாக, நகத்தால் சுரண்டினால் மெல்லிய ஏடுபோல வந்தால் சரியாக ஆறுகிறது. ஓரம் உள்ளே மடிந்து பரப்பு குழிந்திருந்தால் காற்று ரொம்ப வறட்சி. கருத்துப் போயிருந்தால் எங்கோ வெயிலோ அனலோ படுகிறது. பிசுபிசுப்பு, வாடை, வெள்ளைப் பூஞ்சை என்று எது தெரிந்தாலும் அந்தத் துண்டை எடுத்துவிடுங்கள்.

ஜப்பானில் சில விவசாயிகள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். கிழங்கை முழுசாக அறுக்காமல் ஒரு முனையில் ஒன்றிரண்டு செ.மீ. ஒட்டவிட்டு அப்படியே வைத்துவிடுவார்கள். இரண்டு பாதியும் ஒன்றையொன்று காயாமல் பார்த்துக்கொள்ளும், நடும் நாளில் கையால் பிரித்துக்கொள்ளலாம். காற்று வறண்ட பிப்ரவரியில் நானும் இப்படிச் செய்து பார்த்தேன், சுருக்கம் குறைந்தது.

சாம்பல் பற்றிக் கேட்பீர்கள். ஊரில் பாதிப்பேர் வெட்டியதும் அடுப்புச் சாம்பலில் புரட்டி எடுப்பார்கள். புரட்டியும் நட்டிருக்கிறேன், புரட்டாமலும் நட்டிருக்கிறேன். ஆறவிட்ட துண்டில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆறவிடாத துண்டைச் சாம்பல் காப்பாற்றியதும் இல்லை. மருந்து போடுவதானால் மாங்கோசெப் லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, துண்டுகளைப் பத்து நிமிடம் நனைத்து, உடனே நிழலில் பரப்பி உலர்த்துங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அது பூஞ்சைக்கான மருந்து, பாக்டீரியாவைக் கட்டாது. நனைத்த துண்டை உலர்த்தாமல் குவித்து வைத்தால் மருந்து போடாததைவிட மோசம்.

மண்ணுக்குள்

நடவு எளிது. மண்ணைக் கையில் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. சால் இழுத்து, மட்காத சாணம் துண்டில் படாமல், வெட்டுப்பக்கம் கீழேயும் முளை மேலேயுமாக வைத்து, எட்டுப் பத்து செ.மீ. மண் மூடுங்கள். புரண்டு விழுந்தாலும் முளை வழி தேடிக்கொள்ளும். மண்ணில் ஈரம் இருக்கும்போது நட்ட கையோடு தண்ணீர் பாய்ச்சாதீர்கள், முளை வெளியே வரும்வரை நனைந்தும் நனையாமலும் இருந்தாலே போதும். நட்ட முழுக்கிழங்கு எது, துண்டு எது என்று தனித்தனிப் பாராக வைத்தால் உங்கள் மண்ணில் எது நன்றாக வருகிறது என்று தெரியும்.

குளிரைப் பொறுத்து இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளை தெரியும். சொட்டை விழுந்த இடத்தை விரலால் மெல்லக் கிளறிப் பாருங்கள். துண்டு கெட்டியாக, முளை பாதிவழியில் இருந்தால் மூடிவிட்டுக் காத்திருங்கள். கூழாகியிருந்தால் சுற்றியுள்ள ஒரு கைப்பிடி மண்ணோடு அள்ளி வெளியே எடுங்கள். அந்த இடத்தை நிரப்ப, நடும்போதே ஆறிய துண்டுகளில் பத்துப் பதினைந்தை முட்டை அட்டையில் மீதம் வைத்திருப்பது உதவும். அவற்றில் நட்டதுபோக மிஞ்சுவதைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். முளைவிட்டுப் பச்சை பிடித்த கிழங்கு வயிற்றைக் கெடுக்கும். மருந்தில் நனைத்ததை மாட்டுக்கும் போடக் கூடாது.